குடை பிடித்த பட்டாம்பூச்சி: குழந்தைகளின் கலை வேலையில் எதைச் சொல்லித் தருவது, எதை விட்டுவிடுவது

ஒரு சனிக்கிழமை காலை, சிறு பிள்ளைகளுக்கான ஓவிய வகுப்பு ஒன்றில் உதவிக்குப் போயிருந்தேன். அன்றைய வேலை பட்டாம்பூச்சி. சிறகுகளை முந்தைய இரவே நாங்கள் வெட்டி அடுக்கி வைத்திருந்தோம். உடலை நடுவில் ஒட்ட வேண்டும், பக்கத்துக்கு இரண்டாகச் சிறகை ஒட்ட வேண்டும், மேலே இரண்டு கொம்பு வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் வேலை. நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று சிறகுகளை ஒரே பக்கத்தில் அடுக்கி ஒட்டியிருந்தாள். மறுபக்கம் மொட்டை. நான்காவது சிறகு பூச்சியின் தலைக்கு மேலே குறுக்காக இருந்தது. அவள் கை கழுவப் போன நேரத்தில், பசை காய்வதற்குள் எல்லாவற்றையும் பெயர்த்து ‘சரியாக’ ஒட்டிவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்தவள் சுவரில் வரிசையாகத் தொங்கிய பதினான்கு பட்டாம்பூச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“என்னோடது எங்க அத்தை?”

காட்டினேன்.

“இது இல்ல. என்னோடது காத்துல போச்சு. குடை வச்சிருந்துச்சு.”

காற்று அடித்து மூன்று சிறகும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, நான்காவதைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறது. பெயர்த்தெடுத்த எனக்குத்தான் அது தெரியவில்லை. பிள்ளையின் வேலையில் பெரியவர் எவ்வளவு கை வைக்கலாம் என்று உருப்படியாக யோசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். வீட்டில் பிள்ளைக்குக் கிரையானும் தாளும் வாங்கி வைத்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்காகவும், சிறு பிள்ளைகளுக்குப் புதிதாக வகுப்பெடுப்பவர்களுக்காகவும் அதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டு வகை வேலை

இந்தத் துறையில் இருப்பவர்கள் இரண்டு சொற்களைப் புழங்குவார்கள். ஒன்று ‘ஸ்ட்ரக்சர்ட்’. தமிழில் வரையறுத்த வேலை என்று வைத்துக்கொள்வோம். என்ன வர வேண்டும் என்பது தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கும். முன்னால் ஒரு மாதிரி, பின்னால் சில படிகள். எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காகச் செய்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அச்சடித்த படத்துக்குள் வண்ணம் தீட்டுவது, புள்ளிகளை இணைப்பது, காகிதத் தட்டில் சிங்க முகம் செய்வது எல்லாம் இந்த வகை.

மற்றது ‘ஓப்பன் எண்டட்’, அதாவது திறந்த வேலை. பொருள் இருக்கும், நேரம் இருக்கும், அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற இடம் இருக்கும். என்ன வரப்போகிறது என்பது பெரியவருக்குத் தெரியாது. பல நேரம் பிள்ளைக்கே தெரியாது. நாய் வரையத் தொடங்கிய பிள்ளை பாதியில் வாலை நீட்டிக்கொண்டே போய், முடியும்போது அது ரயிலாகியிருக்கும்.

திறந்த வேலை என்றால் பொருளைக் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். மேசை நிறைய மினுக்குத்தூளும் பஞ்சும் பொத்தானும் குவித்து வைத்தால் பிள்ளை அதை அள்ளி அள்ளிக் கொட்டும். பத்து நிமிடத்தில் சலித்துவிடும். வரையறுத்த வேலை என்றாலே பாவம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. மகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கிக் கொடுத்ததைக் குற்றம்போல் என்னிடம் ஒப்புக்கொண்ட ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் இதை இரண்டு பெட்டிகளாகப் பார்க்கின்றன.

தீர்மானங்களை எண்ணிப் பாருங்கள்

பெட்டிகளை விட எனக்கு உதவுகிற வழி ஒன்று இருக்கிறது. எந்தக் கலை வேலையிலும் குறைந்தது நான்கு தீர்மானங்கள் உண்டு. என்ன செய்வது? எதைக் கொண்டு செய்வது? எப்படிச் செய்வது? எப்போது முடிந்தது என்று நிறுத்துவது? ஒரு வேலையைக் கையில் எடுத்தால், இந்த நான்கில் எத்தனை பிள்ளையின் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பட்டாம்பூச்சியில் என்ன செய்வது என்பதை நாங்கள் தீர்மானித்தோம். தாள், சிறகின் வடிவம், நிறம் எல்லாம் நாங்கள் வெட்டி வைத்தவை. எங்கே ஒட்டுவது என்பதும் எங்களுடையது. நான்காவது ஒட்டியதும் வேலை முடிந்தது. எண்ணிக்கை பூஜ்யம். அந்தச் சிறுமி எப்படி ஒட்டுவது என்கிற ஒன்றைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். நான் அதையும் பிடுங்கிவிட்டேன்.

வண்ணம் தீட்டும் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன படம் என்பது அச்சகத்தில் முடிவான விஷயம். ஆனால் எந்தப் பக்கம், எந்த நிறம், முழுக்கத் தீட்டுவதா பாதியில் விடுவதா என்பவை பிள்ளையிடம் இருக்கின்றன, பக்கத்தில் உட்கார்ந்து “யானை பச்சையாவா இருக்கும்?” என்று யாரும் கேட்காத வரைக்கும். கேட்டால் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடும். ஆக, வேலையின் தன்மை பொருளிலோ புத்தகத்திலோ மட்டும் இல்லை, பக்கத்தில் இருக்கிறவர் வாயிலும் இருக்கிறது.

வெற்றுத்தாளில் நான்கும் பிள்ளையிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் சுமப்பது எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளும் முடிகிற காரியமா? அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. உதாரணத்துக்கு அதே பட்டாம்பூச்சி. ஒரு தாளை நடுவில் மடித்துப் பிரியுங்கள். ஒரு பாதியில் மட்டும் கெட்டியான சாயத்தைத் தூரிகையால் சொட்டுச் சொட்டாக வைக்கட்டும். மறுபடி மடித்து உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துப் பிரித்தால் மறுபாதியில் அதே உருவம் திரும்பி விழுந்திருக்கும். மடிப்பது, ஒரு பக்கம் மட்டும் வைப்பது, தேய்ப்பது என எப்படிச் செய்வது என்பதை நாம் கறாராகச் சொல்கிறோம். என்ன வரும் என்பது யாருக்கும் தெரியாது. பிரிக்கும்போது பிள்ளையின் மூச்சு நின்று வரும், பார்த்திருக்கிறேன். வந்தது பட்டாம்பூச்சியாக இருக்கலாம், தவளையாக இருக்கலாம், தாடி வைத்த தாத்தாவாகவும் இருக்கலாம்.

கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது

வயதை விட்டுவிட்டு இதைப் பேசினால் பாதிதான் பேசியதாகும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் வரைதல் வளரும் விதத்தை 1947-இல் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். சுமார் 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை, பார்த்தால் ஏதோ ஒன்று என்று அடையாளம் தெரிகிற முதல் உருவங்கள். 7 முதல் 9 வரை தனக்கென ஒரு வாய்பாடு. வீடு என்றால் எப்போதும் இப்படி, மரம் என்றால் எப்போதும் இப்படி, தாளின் அடியில் ஒரு தரைக்கோடு. சுவருக்குள் இருக்கிற கட்டிலும் வெளியிலிருந்தே தெரியும். 9-ஐத் தாண்டியதும் ‘நிஜம் மாதிரி இருக்கணும்’ என்கிற ஆசை வருகிறது. இன்றைக்கு இந்த வயதுக் கணக்கை யாரும் இரும்பு விதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வரிசை பெரும்பாலும் பொருந்துகிறது.

பல நாடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேலான குழந்தை ஓவியங்களைச் சேர்த்த ரோடா கெல்லாக், கிறுக்கலிலேயே இருபது அடிப்படைக் கோட்டு வகைகளை இனம் கண்டார். புள்ளி, நெடுங்கோடு, வளைந்து வளைந்து போகும் கோடு, சுருள், மூடாத வட்டம் என்று நீளும் பட்டியல் அது. நமக்குக் குப்பையாகத் தெரிகிற தாளில் பிள்ளை பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. அந்த வட்டத்திலிருந்துதான் பின்னால் முகம் வருகிறது. முகத்திலிருந்து நேராகக் கால் முளைக்கிறது. உடம்பே இல்லாமல் தலையும் காலுமாக நிற்கும் இந்த மனிதருக்குத் ‘தலைப்பிரட்டை மனிதன்’ என்றே பெயர். இந்த ஆசாமியை வரையாமல் ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் குறைவு.

கையின் கணக்கு ஒன்றும் உண்டு. வட்டத்தைப் பார்த்து வரைய 3 வயதுவாக்கில் வரும். கூட்டல் குறி 4-இல். சதுரத்துக்கு நாலரை, ஐந்து ஆகும். முக்கோணம் 5-ஐ ஒட்டியோ தாண்டியோ. சாய்சதுரத்துக்கு 7 வரைகூடக் காத்திருக்க வேண்டும். இப்போது மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் கரடி முகம் அச்சிட்ட அட்டையை வைத்து, கோட்டின்மேல் வெட்டி, காதைச் சரியான இடத்தில் ஒட்டச் சொல்கிறோம் என்று வையுங்கள். முடியவே முடியாது. அதனால் பெரியவர் வெட்டுவார், பெரியவர் பசை தடவுவார், பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தச் சொல்வார். பிறகு கீழே பிள்ளையின் பெயரை எழுதுவார். அந்தக் கரடியை யார் செய்தது என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

பேனா பரிசும் குழாய் பொம்மையும்

இதில் ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. எனக்குப் பிடித்த நான்கை மட்டும் சொல்கிறேன்.

மார்க் லெப்பரும் டேவிட் கிரீனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1973-இல் வெளியிட்ட சோதனை. 3 முதல் 5 வயது வரையுள்ள, ஸ்கெட்ச் பேனாவில் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஓரிரு வாரம் கழித்து, சாதாரண விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழு, மற்ற இரண்டு குழுக்களை விட ஏறக்குறையப் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டது. ஆசையாகச் செய்துகொண்டிருந்ததைக் கூலி வேலை ஆக்கியதும் ஆசை கழன்றுகொண்டது. சுவரில் ‘சிறந்த ஓவியம்’ என்று ஒன்றை மட்டும் தனியாக ஒட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

தெரசா அமபிலேயும் ஜூடித் கிட்டோமரும் 1984-இல் செய்தது இன்னும் எளிமையானது. பிள்ளைகள் ஒட்டுப்படம் செய்ய வேண்டும். ஒரு பாதிப் பேர் பல பெட்டிகளிலிருந்து தங்களுக்கு வேண்டிய பொருளைத் தாங்களே தேர்ந்தார்கள். மறுபாதிக்கு அதே மாதிரியான பொருள்களைப் பெரியவர் எடுத்துக் கொடுத்தார். பொருளில் வித்தியாசம் கிடையாது, எடுத்த கை மட்டும் வேறு. யார் செய்தது என்று தெரியாத நடுவர்கள், தாங்களே தேர்ந்த பிள்ளைகளின் படங்களைத்தான் கூடுதல் கற்பனை உள்ளவை என்று மதிப்பிட்டார்கள். மேலே சொன்ன நான்கில் ஒரே ஒரு தீர்மானம், ‘எதைக் கொண்டு’ என்பது, கைமாறியதற்கே இவ்வளவு.

எலிசபெத் போனாவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் எழுதியது ஓவியம் பற்றியது இல்லை, பொம்மை பற்றியது. ஆனாலும் இங்கே பொருந்தும். குழாய்கள் பொருத்திய ஒரு புது பொம்மை. அதற்குள் நாலு சேதி ஒளிந்திருந்தது. ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம், ஓரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் இசை, ஒன்றுக்குள் கண்ணாடி. சில பிள்ளைகளுக்கு ஆசிரியரின் தோரணையில் “இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும், பாரு” என்று கீச் சத்தத்தை மட்டும் காட்டினார்கள். வேறு சிலர் முன்னால் தற்செயலாகப் பட்டதுபோல் அந்தச் சத்தம் வந்தது. சிலருக்கு ஒன்றும் காட்டவில்லை. பாடம் நடத்தப்பட்ட பிள்ளைகள் சத்தத்தை வரவழைத்தார்கள், மற்றதைத் தேடவில்லை, சீக்கிரம் விட்டும்விட்டார்கள். மாதிரி காட்டுவதில் இருக்கிற செலவு இதுதான். பெரியவர் காட்டாததை, இல்லாதது என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. தெரிந்தவர் சொல்லும்போது முழுசாகச் சொல்லியிருப்பார் என்று நம்புவது நியாயம்தானே.

நான்காவது, 1984-இல் ரிச்சர்ட் கோஸ்ட்னர் முதலியோர் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் செய்தது. சாயம் தீட்டும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லும் விதத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ‘நல்ல பிள்ளையா இரு, கொட்டக் கூடாது’ என்கிற தொனியில் சட்டம் போட்ட குழுவில் ஆர்வமும் குறைந்தது, படங்களும் உயிரில்லாமல் போயின. ‘சாயத்தைக் கொட்டி விளையாடப் பிடிக்கும்தான், தெரியும். ஆனா இது அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கும் வேணும்’ என்கிற மாதிரி காரணத்தோடு அதே சட்டத்தைச் சொன்ன குழுவில் அப்படி ஆகவில்லை. கட்டுப்பாட்டை விட, அது வருகிற வழிதான் பிள்ளையைச் சுருக்குகிறது என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வெற்றுத்தாள் என்கிற பயம்

இவ்வளவும் படித்துவிட்டு, சரி, இனி மாதிரியே வேண்டாம், வெள்ளைத்தாளைக் கொடுத்துவிடுவோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு மாதம் அப்படித்தான் நடத்தினோம். முதல் வாரம் கொண்டாட்டம். மூன்றாவது வாரம் பாதிப் பிள்ளைகள் ஒரே வானவில்லையும் ஒரே இதயத்தையும் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார்கள். “என்ன வரையறதுன்னு தெரியல” என்று ஒரு பையன் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். விருப்பம்போல் செய் என்று சொன்னால், பிள்ளைகள் ஏற்கெனவே கைவந்ததைத்தான் செய்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

கையில் உத்தி இல்லாதபோது விடுதலைக்கு அர்த்தம் இல்லை. களிமண்ணில் ஒட்டகம் செய்கிற பிள்ளையைப் பாருங்கள். கழுத்தை உடம்போடு வெறுமனே அழுத்தி ஒட்டியிருக்கும். காய்ந்ததும் கழுத்து விழுந்துவிடும். ஒட்டப்போகிற இரண்டு பரப்பையும் குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தண்ணீர் விட்டுக் குழைத்த களிமண் கூழைத் தடவி அழுத்தினால்தான் நிற்கும். தானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தால் ஊர்ப்பட்ட ஒட்டகங்களுக்குத் தலை போகும். இதைக் காட்டுவதில் தப்பே இல்லை. காட்டிவிட்டு, ஒட்டகமா டிராகனா என்பதில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

சாயம் கலப்பதும் அப்படி. பச்சை வேண்டும் என்றால் மஞ்சளை முதலில் வைத்து, அதில் நீலத்தைத் துளித் துளியாகச் சேர்க்க வேண்டும். தலைகீழாக நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் மஞ்சள் டப்பா காலியான பிறகும் கரும்பச்சையாகவே இருக்கும். எல்லா நிறத்தையும் ஒரே தட்டில் வைத்தால் கால்மணி நேரத்தில் எல்லாம் சேற்று நிறம். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு நிறமும் வெள்ளையும் மட்டும் தருவேன். பார்க்க இது கட்டுப்பாடு. ஆனால் நீலமும் வெள்ளையும் மட்டும் கிடைத்த நாளில்தான் ஒரு பெண் பதினோரு வகை நீலம் கலந்து வரிசையாகத் தீட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் வைத்தாள். ‘அழுத நீலம்’ என்று ஒன்று இருந்தது.

கத்தரிக்கோல் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டைவிரல் மேலே பார்த்தபடி பிடித்து, வளைவு வரும்போது கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். இதை யாராவது ஒருவர் ஒரு தடவை சொல்லித் தர வேண்டியிருக்கிறது. இடதுகைப் பிள்ளையாக இருந்தால் முதலில் கத்தரிக்கோலைப் பாருங்கள். வலதுகைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகும், வெட்டும் கோடும் கண்ணுக்கு மறையும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1987-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது நடந்ததாக எழுதிய ஒரு சம்பவம் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். விடுதி வரவேற்பு மேசையில் அறைச் சாவியைப் போடுவதற்கு ஒரு துளை. அவருடைய ஒன்றரை வயது மகனுக்குச் சாவியை அதில் இடித்து இடித்துப் பார்ப்பதில் பேரானந்தம். பெரும்பாலும் உள்ளே போகாது. பெற்றோருக்கு அவசரமில்லை, விட்டுவிடுவார்கள். விடுதியில் இருக்கிற சீனர்கள் வந்து பையனின் கையை மென்மையாகப் பிடித்து, துளைக்கு நேராகத் திருப்பி, உள்ளே போட வைத்துவிட்டு, நன்றியை எதிர்பார்த்துப் பெற்றோரைப் பார்ப்பார்களாம். ஒரு பக்கத்துக்கு, தானாகத் தடுமாறிக் கற்பதுதான் முக்கியம். இன்னொரு பக்கத்துக்கு, சரியான முறை முதலில் கைக்கு வர வேண்டும், புதுமை பிறகு தானாக வரும். கார்ட்னர் யாரையும் கேலி செய்யவில்லை. எதில் தொடங்கினாலும் இரண்டும் வேண்டும் என்கிற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

கல்வி வரலாறும் ஊஞ்சல்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியிருக்கிறது. 1837-இல் ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃபுரோபெல், கட்டம் போட்ட தாளில் கோடு போடுவது, காகிதம் மடிப்பது, பின்னுவது என்று வரிசைக்கிரமமான வேலைகளை வகுத்தார். 1897-இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் என்பவர் குழந்தைகளுக்கென்று வகுப்பு தொடங்கி, பிள்ளைகளை வளரவிடுங்கள், திருத்தாதீர்கள் என்றார். குழந்தைகள் வரைவதும் கலைதான் என்கிற எண்ணம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அவருடைய வகுப்பில் பிள்ளைகள் சுதந்திரமாக வரைந்த படங்கள் பலவும் ஒரே சாயலில் இருக்கின்றன என்று பின்னால் வந்த விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். சொல்லித்தரவே இல்லை என்று சொல்கிறவரிடமிருந்தும் பிள்ளைகள் எதையோ கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வரையறுத்த பயிற்சி மிகவும் தேவைப்படுவது ஒன்பது, பத்து வயதில் என்பது என் எண்ணம். நாம் செய்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மூன்று வயதில் கரடி முகத்துக்கு அளவு கொடுக்கிறோம், பத்து வயதில் ‘உன் இஷ்டம்போல வரை’ என்கிறோம். அந்த வயதில் பிள்ளைக்குத் தன் படத்தில் கை தட்டையாக இருப்பது தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது என்பது தெரியவில்லை. யாரும் சொல்லித் தராவிட்டால் ‘எனக்கு வரைய வராது’ என்று பென்சிலைக் கீழே வைத்துவிடும். பல பேர் அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. தூரத்தில் இருப்பது ஏன் சின்னதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழும், தலை உடம்பில் எத்தனையில் ஒரு பங்கு என்பதையெல்லாம் ஆசையாகக் கேட்டுக்கொள்கிற வயது அது. பிடித்த கார்ட்டூன் பாத்திரத்தைப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தாலும் தடுக்காதீர்கள். பார்த்து வரைவதும் கற்கும் வழிதான்.

ஒரு வேலையைக் கொஞ்சம் திறந்துவிடுவது

கையில் ஒரு மாதிரி வேலை இருக்கிறது, தூக்கிப்போட மனமில்லை. அப்படியானால் நான்கில் ஒன்றை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். மீன் செய்கிறீர்கள் என்றால் மீன் வடிவத்தை வெட்டிக் கொடுங்கள், ஆனால் செதிலுக்கு என்ன வைப்பது என்பதை விட்டுவிடுங்கள். அடுத்த முறை செதிலுக்கான உத்தியை, அதாவது மேலடுக்கு கீழடுக்கை மூடும்படி வாலிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதை மட்டும் காட்டுங்கள். மீனின் வடிவம் அவர்களுடையது. ஒரு பையன் அதே உத்தியில் கூரை ஓடு வேய்ந்தான், மீனே செய்யவில்லை.

மாதிரியைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றுக்குப் பதில் மூன்று காட்டுங்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கட்டும். காட்டியதும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கண்ணெதிரே இருந்தால் பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்யும்.

வெற்றுத்தாளில் திணறுகிற பிள்ளைக்கு ஒரு சின்னத் தடங்கல் கொடுத்தால் போதும். தாளின் நடுவில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுங்கள். அல்லது தாளைக் கிழித்து, ‘இந்தக் கிழிசலிலிருந்து தொடங்கு’ என்று சொல்லுங்கள். ஒரு தீர்மானம் குறைந்ததும் மற்ற மூன்றும் இலேசாகிவிடும்.

பொருள்களைப் பற்றி ஒன்று. சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-இல் ‘உதிரிப் பொருள்கள்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஓரிடத்தில் மாற்றி வைக்கவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பும் நடக்கும் என்பது அதன் சாரம். மூடிகள், அட்டைக் குழல்கள், கயிறு, கூழாங்கல், உலர்ந்த இலை போன்றவை போதும். முன்பே கண்ணும் மூக்கும் ஒட்டிவந்த பெட்டியை விட இவை நெடுநாள் உழைக்கும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் வாய்க்குள் போகிற அளவுள்ள எதையும் வைக்க வேண்டாம்.

பேச்சில்தான் நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம். “இது என்ன?” என்று கேட்டால், அது எதுவாகவாவது இருந்தே தீர வேண்டும் என்று ஆகிவிடுகிறது. கிறுக்குகிற வயதில் அது எதுவுமே இல்லாமல் இருக்கலாம். கை சுற்றிய சுற்று, அவ்வளவுதான். “இங்க ரொம்ப அழுத்தி வரைஞ்சிருக்கே” என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் பிள்ளை தானாகக் கதை சொல்லும். “சூப்பர், சூப்பர்” என்று எல்லாவற்றுக்கும் சொல்வதில் கேடு ஒன்றுமில்லை. ஆனால் நாம் பார்க்காமலே சொல்கிறோம் என்பதைப் பிள்ளை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். “நாய் வரைஞ்சு தா” என்று கேட்டால்? வரைந்து கொடுத்தால் அடுத்த நாயும் நம் தலையில்தான். நான் “உடம்பு வட்டமா, நீளமா?” என்று கேட்பேன். இரண்டு மூன்று கேள்வியில் நாய் தாளுக்கு வந்துவிடும், நம் நாயாக இல்லாமல்.

மாதிரி இருந்தால்தான் நிம்மதி என்கிற பிள்ளைகளும் உண்டு. அடுத்து என்ன என்று தெரியாவிட்டால் பதறுகிற சுபாவம், ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள், கையில் பசை பட்டாலே கூசுகிறவர்கள். அவர்களுக்கு அடுத்த படியை முன்கூட்டியே படமாகக் காட்டிவிடுவது உதவி. அதைச் சிறை என்று நினைத்துப் பிடுங்க வேண்டாம். நெடுநாள் மாதிரியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பையன், ஒருநாள் யாரும் சொல்லாமல் மாதிரிக் கப்பலின் பாய்மரத்தில் துணி உலர்த்தியிருந்தான். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் அவளுக்காகவே மேசையில் வெறும் தாளும், பசையும், பலவித வடிவத்துண்டுகளும் பரப்பி வைத்திருந்தேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவள் வந்தாள், எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“மாதிரி எங்க அத்தை?”

உள்ளே இருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக்கு இரண்டாக, ஒரு நூல் பிசகாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள்.

“இன்னிக்குக் குடை வேண்டாமா?” என்றேன்.

“இன்னிக்கு வெயில்.”